ஏழாம் விதி

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஹரிஹரசுப்பிரமணியன் என்ற பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அப்பா பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விடுவார். அவர் படம் வந்த செய்தித்தாளை அம்மா நாலாக மடித்து அரிசிப் பானைக்கு மூடியாக்கிவிடுவாள். பொருளாதார மேதை, மத்திய மந்திரியாக இருந்தவர், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பட்டம் கொடுத்தவர், எங்கள் அடுக்களையில் மட்டும் அரிசிப் பானை மேல் குப்புறக் கிடப்பார்.

அப்பா சிவசண்முகமும் அவரும் பாளையங்கோட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் ஆற்றங்கரை அக்ரகாரத்துப் பிள்ளை. அப்பா பதினாறு கோட்டை வயலுக்கு ஒற்றை வாரிசு. எங்கள் பக்கத்தில் வயலை ஏக்கரில் சொல்வது அரசாங்கம் மட்டும்தான். ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு நிலம் ஒரு கோட்டை, ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே வரும். பதினாறு கோட்டைக்காரர் நடந்து போனால் தெருவில் துண்டுகள் தோளிலிருந்து இறங்கும்.

ஹரிஹரசுப்பிரமணியன் வெளிநாட்டில் படித்துத் திரும்பி, அரசாங்கத்துக்காக ஒரு கையேடு எழுதினார். குத்தகைக்கு உழுகிறவர்களை எப்படி அடையாளம் கண்டு பதிவு செய்வது என்பதற்கான விசாரணைக் கையேடு. எழுதினவர் அதைத் தஞ்சாவூரில் போய்ச் சோதித்துப் பார்த்திருக்கலாம். மாட்டேன் என்று முதலில் தன் குடும்ப நிலத்தில் சோதித்தார், அடுத்ததாக எங்கள் நிலத்தில். அது எழுபத்தைந்தாம் வருஷம். எனக்கு எட்டு வயது. விசாரணை முடிந்தபோது பதினாறு கோட்டையிலும் உழுகிறவர்கள் பெயர் ஏறிவிட்டது. தெருவில் துண்டுகள் தோளிலேயே தங்கிவிட்டன.

நிலம் போனதைக்கூட அப்பா பெரிதாகப் பேசியதில்லை. சாகிற வரைக்கும் அவர் சொல்லிச் சொல்லி மாய்ந்தது வேறொன்று.

"என் வயல்ல என்னையவே எறங்க விடலையே அவன்!"

அன்றைக்கு நான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றேன். குத்தகைக்காரர்கள் நாற்பது பேர் எதிர் வரப்பில். ஹரிஹரசுப்பிரமணியன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வயலுக்குள் நின்றார். ஒவ்வொருவராக இறங்கி நடந்தார்கள். மூன்று கோட்டையை நானே பண்ணை வைத்துப் பயிர் செய்கிறேன் என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்ததால், அவர் முறையும் வந்தது. அப்பா செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஒரு காலைக் கீழே வைக்கப் போனார். அதற்குள் அந்த மனிதர் சேற்றில் வளைந்து வளைந்து வேகமாக வந்து, அப்பா நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். நேராக வராமல் ஏன் அப்படிச் சுற்றி வந்தார் என்று எனக்கு அப்போது தோன்றியது.

"வேண்டாம் சண்முகம். நீ வரப்பிலேயே நில்லு" என்றார்.

அவ்வளவுதான். மூன்று கோட்டையும் போனது, சிநேகிதமும் போனது.

இந்த லட்சணத்தில் சிவசண்முகம் பிள்ளையின் மகள் வேணி, தேர்வு எழுதி வருவாய்த் துறையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, கடைசியில் எந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தாள் என்றால், குத்தகைப் பதிவுக்கான தனி தாசில்தார் இருக்கையில். மேஜை இழுப்பறையைத் திறந்தால் அதே கையேடு. அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எழுந்து கை கழுவப் போயிருப்பார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் உண்டே தவிர, அவர் மூளை மேல் சந்தேகம் கிடையாது. கையேட்டின் முன்னுரையை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. நிலத்தைப் பிரித்துக் கொடுக்கப் போகிறோம் என்று மேடையில் முழங்குகிற எல்லோரையும் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: யாருக்கு? உழுகிறவன் யார் என்று எந்த ஏட்டில் இருக்கிறது? ஏட்டில் இருப்பது உடையவன் பெயர். உச்சவரம்பு என்றதும் அந்த ஒரு பெயர் மைத்துனன், மாமியார், செத்துப்போன சித்தப்பா என்று பத்துப் பெயராகப் பிரிந்துகொள்ளும். உழுகிறவனோ பத்தில் ஒன்றாகக்கூட இருக்க மாட்டான். அதனால் முதலில் அவனை எழுது என்றார். நாளைக்கு வெளியே போகச் சொல்வார்களோ என்ற பயம் இருக்கிறவன் வரப்பை வெட்டி உயர்த்த மாட்டான், எருவடிக்க மாட்டான், அந்தப் பயத்தை எடுத்தாலே விளைச்சல் கூடும், நிலம் கைமாறுவதற்கு முன்பே மனிதன் நிமிர்ந்துவிடுவான் என்று எழுதினார். பிறகு மந்திரியானதும் சொன்னதைச் செய்தார். பதிவில் பெயர் இருந்தால் போதும், பட்டா கேட்காமல் கூட்டுறவு வங்கி பயிர்க்கடன் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட வைத்தார். அந்த ஒரு உத்தரவால் ஆற்றின் இரண்டு கரையிலும் எத்தனை வீட்டில் ஓடு ஏறியது என்பதை என் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

அவருடைய கையேட்டில் நாற்பது கேள்விகள், ஒன்பது விதிகள். ஆறாம் விதி: இரு தரப்பையும் வயலின் குறைகளைக் கேள். நிலத்தின் பரப்பு உடையவனுக்குத் தெரியும், குறை உழுகிறவனுக்குத்தான் தெரியும். ஏழாம் விதி: விசாரணை வரப்பில் நடக்கக்கூடாது. அதிகாரியும் இரு தரப்பும் வயலுக்குள் இறங்கி நடக்க வேண்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: 'இவ்விதியை என் குடும்ப வயலில் கற்றேன்.'

ஏழாம் விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மெத்தப் படித்தவரின் ஜம்பம் என்று நினைப்பேன். துறையிலும் அப்படித்தான் நினைத்தார்கள். நாற்பது கேள்வியும் காலப்போக்கில் தேய்ந்து ஒரு பக்கப் படிவமாகிவிட்டது. ஏழாம் விதிக்கு அதில் ஒரே ஒரு வரி மிச்சம்: 'வயலுக்குள் நடந்து விசாரித்தேன்.' கீழே கையெழுத்து. நான் எத்தனை ஆயிரம் படிவத்தில் அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பேன் தெரியாது. ஒரு தடவைகூட என் செருப்பு நனைந்ததில்லை.

எனக்கு ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது சீவலப்பேரிக் கோப்பு வந்தது.

ஒரு தனியார் அறக்கட்டளைக்குச் சொந்தமான ஒரு கோட்டை வயல். முப்பது வருஷமாகக் குத்தகைக்கு உழுதவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பதிவு இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு இரண்டு மனுக்கள். ஒன்று அவர் மனைவி இசக்கிச்செல்வி கொடுத்தது. மற்றொன்று அவர் தம்பி பேச்சிமுத்து கொடுத்தது. பேச்சிமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அறக்கட்டளைக்காரர்களுக்கு அந்த இடத்தை மனை போட்டு விற்க ஆசை. பதிவில் இருக்கிற குத்தகைக்காரர் விட்டுக்கொடுத்தால்தான் அது நடக்கும். பேச்சிமுத்து விட்டுக்கொடுக்கத் தயார், அவருக்கு ஒரு மனை தருவதாகப் பேச்சு. இசக்கிச்செல்வி விட்டுக்கொடுக்க மாட்டாள். அவளுக்கு அந்த வயலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆக, நான் எந்தப் பெயரை எழுதுகிறேனோ அதைப் பொறுத்துத்தான் அவள் அடுத்த போகம் பயிர் வைப்பதும், அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போவதும்.

கிராம நிர்வாக அலுவலர் கிங்ஸ்டன் கெட்டிக்காரர், நேர்மையானவர். படிவத்தின் முதல் கேள்வி 'சாகுபடியைத் தொடங்கி வைத்தவர் யார்?' என்பது. வயலைச் சுற்றிப் பயிர் வைக்கிற நாலு எல்லைக்காரர்களையும் தனித்தனியாகக் கேட்டார். நாலு பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்.

"மொத நாத்து வச்சது பேச்சிமுத்துதான்."

"போன வருசம்?"

"போன வருசமும் அவருதான். ஆறு வருசமா அவருதான் வைக்காரு."

பேச்சிமுத்து தன் கைபேசியில் ஆறு வருஷத்துப் படங்களும் வைத்திருந்தார். தலையில் துண்டு, கையில் நாற்றுமுடி, பின்னால் வரிசையாகப் பெண்கள். நடுகை முடிந்த மறுவாரம் நானும் கிங்ஸ்டனும் ஜீப்பில் போனோம். வரப்பில் குடையோடு நின்று அதே நாலு பேரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அதே பதில். 'வயலுக்குள் நடந்து விசாரித்தேன்' என்று எழுதி, பேச்சிமுத்து பெயரை முன்மொழிந்து, ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள் கொடுத்து அறிவிப்பு ஒட்டச் சொன்னேன்.

பத்தாம் நாள் இசக்கிச்செல்வி அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையில் காகிதம் எதுவும் இல்லை. ஆட்சேபணையை எழுத்தில் கொடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அம்மா, நீங்க எங்க வயலுக்குள்ள எறங்குனியளா?"

"இறங்கினேனே. குறிப்புல எழுதியிருக்கே."

"எழுதியிருக்குன்னு சொன்னாவ. அதான் கேக்கேன். நடுவ முடிஞ்ச வயல்ல எறங்குனா மொழங்கால் வரைக்கும் தொளி அப்பிக்கிடும். கரையேறுனா யாருகிட்டயாவது கால் கழுவத் தண்ணி கேக்கணும்லா? ஊருக்குள்ள வீடு வீடாக் கேட்டுட்டேன். உங்களுக்கு யாரும் தண்ணி குடுக்கலையாம்."

"வாய்க்கால்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வாய்க்கா எங்க வீட்டு முன்னாலதான் ஓடுது. அன்னைக்கு நான் அங்கனதான் ஏனம் விளக்கிக்கிட்டு இருந்தேன்."

குரலை உயர்த்தவில்லை, அழவும் இல்லை. எனக்குக் காது மடல் சுட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் என்னைப் பார்த்து மேலதிகாரிகள் கத்தியிருக்கிறார்கள், கட்சிக்காரர்கள் மேஜையைக் குத்தியிருக்கிறார்கள். ஒருத்தரும் என்னைப் பொய் சொன்னவள் என்று நிரூபித்ததில்லை. அதுவும் கால் கழுவாததை வைத்து.

"சரி, மொத நாத்தை உன் கொழுந்தன்தான் வச்சாரா? அதையாவது சொல்லு" என்றேன், கோபத்தை மறைக்கத் தெரியாமல்.

"அவருதான். தாலி அறுத்தவ மொத நாத்து வைக்கலாமா? ஊரு ஒத்துக்கிடுமா? கைராசியான ஆம்பிள வேணும், அதுக்காவ அவர வரச் சொல்லுவேன். வந்து ஒரு முடி வச்சிட்டு, சாப்பிட்டுட்டு, ராத்திரி பஸ்ஸுக்குப் போயிருவாரு. மிச்சத்தையெல்லாம் யாரு செஞ்சான்னு நீங்க கேக்கவே இல்லையாமே."

கேட்கவில்லைதான். படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது. ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு உண்மையைச் சொன்னார்கள். ஹரிஹரசுப்பிரமணியனின் நாற்பது கேள்வியில் 'தொடங்கி வைத்தவர் யார்' என்று ஒன்று இல்லவே இல்லை. அது எங்கள் ஆட்கள் பின்னால் சேர்த்தது.

அவள் போன பிறகு இழுப்பறையிலிருந்து கையேட்டை எடுத்தேன். நியாய உணர்ச்சி பொங்கி எடுத்ததாகச் சொன்னால் அது இன்னொரு பொய். சுருக்கென்றிருந்தது, அதனால் எடுத்தேன்.

நாலு நாள் கழித்து இரு தரப்பையும் வயலுக்கு வரச் சொன்னேன். கார்த்திகை மாதம், பாபநாசத்தில் திறந்த தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நட்டு மூன்று வாரமான பயிர் பச்சை பிடித்து நின்றது. பேச்சிமுத்து இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியில் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். எல்லைக்காரர்கள் நாலு பேரோடு ஊரில் பாதி வரப்பில் கூடிவிட்டது. தாசில்தாரம்மா வயலில் இறங்கப் போகிறாள் என்று செய்தி பரவியிருந்தது.

நான் செருப்பைக் கழற்றினேன். சேலையைத் தூக்கிச் செருகினேன். கிங்ஸ்டன் கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, "மேடம், உங்களுக்கு மூட்டுவலி" என்றார். "உமக்கு இல்லையே, பேசாம வாரும்" என்றேன். தண்ணீர் வரும் வாமடைப் பக்கம் இறங்கினோம். தொளி குளிர்ந்தது. விரல்களுக்கு நடுவே ஏறி, கணுக்காலைத் தாண்டியது. ஐம்பத்தொன்பது வயதில், பதினாறு கோட்டைக்காரர் மகள், முதல் தடவையாக ஒரு வயலுக்குள் நின்றேன்.

முதலில் ஆறாம் விதி. "இந்த வயல்ல என்ன குறை இருக்கு?" என்று பேச்சிமுத்துவிடம் கேட்டேன்.

"குறையா? பொன்னு விளையுத பூமிம்மா இது. ஒரு கொறையும் கெடையாது."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகிவிட்டது. கையேட்டில் எழுதியிருப்பது அப்படியே நடக்கிறது. இசக்கிச்செல்வி பக்கம் திரும்பினேன்.

"நீ சொல்லு. என்ன குறை?"

அவள் பயிரைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

"ஒண்ணுமில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு. உனக்காகத்தான் கேக்கேன்."

"பச்ச பிடிச்சு நிக்குத வயலுக்குள்ள நின்னுக்கிட்டு அதையே குறை சொல்லச் சொல்லுதியளே. கதிரு பதராப் போயிரும்மா. அறுப்பு முடியட்டும், களத்துல வச்சுக் கேளுங்க, எல்லாம் சொல்லுதேன்."

வரப்பில் நின்ற பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பக்கத்து வயல்காரி கோமு, "அவ சொல்லுதது சரிதாம்மா. நாங்களும் சொல்ல மாட்டோம்" என்றாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் வயல் அவளுக்கு. சொல்ல மாட்டேன் என்கிறாள். இவ்வளவு படித்த மேதை, இந்த ஊர்க்காரர், இதைக்கூட யோசிக்காமலா ஆறாம் விதியை எழுதினார் என்று கையேட்டை வாய்க்காலில் வீசிவிடலாம் போல இருந்தது. அப்போதுதான் ஆறுக்குக் கீழே ஏழு இருப்பது உறைத்தது. சொல்ல மாட்டார்கள் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

"சரி, பேச வேண்டாம். இந்த வாமடையிலேருந்து எதிர்க்க இருக்கிற கன்னி மூலை வரைக்கும், பயிரை மிதிக்காம நடந்து போகணும். மொதல்ல நீ போ" என்றேன்.

இசக்கிச்செல்வி நடந்தாள். அவள் பாட்டுக்கு வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தாள். பத்தடி நேராகப் போனவள் காரணம் தெரியாமல் இடதுபக்கம் ஒதுங்கி நாலு வரிசை தள்ளிப் போனாள். ஓரிடத்தில் நிற்காமலே குதிகாலால் வரப்போரம் ஒரு மிதி மிதித்தாள். கிங்ஸ்டன் குனிந்து பார்த்துவிட்டு, "நண்டு வளை மேடம். அடைச்சிட்டுப் போறாங்க" என்றார். கன்னி மூலைக்குப் பக்கத்தில் போனதும் சட்டென்று வரப்பை ஒட்டி அரைவட்டமாகச் சுற்றி, மூலையில் போய் நின்று திரும்பிப் பார்த்தாள். தொளி அவள் கணுக்காலுக்கு மேல் ஏறவே இல்லை.

"இப்ப நீங்க" என்று பேச்சிமுத்துவிடம் சொன்னேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஊரே பார்க்கிறது அல்லவா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேர்கோட்டில் நடந்தார். அண்ணி ஒதுங்கிய இடத்தில் அவர் ஒதுங்கவில்லை. முழங்கால் வரை போய்ச் சமாளித்துக்கொண்டார். வரப்பில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ரோஷம் வந்து இன்னும் வேகமாக, நேராக மூலையைப் பார்த்து நடந்தார்.

"கொழுந்தனாரே, அங்கன வேண்டாம்!" என்று இசக்கிச்செல்வி கத்தினாள். "உளை கெடக்கு அங்கன! சுத்தி வாங்க!"

அறுப்பு வரைக்கும் சொல்ல மாட்டேன் என்றவள். தனக்காக ஒரு வார்த்தை பேசாதவள். வயலின் பெரிய குறையை ஊர் கேட்கக் கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் பேச்சிமுத்து இடுப்பு வரை இறங்கிவிட்டார். உளைச்சேறு அவரை விடவில்லை. ஒரு காலை உருவினால் மறுகால் உள்ளே போயிற்று. முன்னால் விழுந்து கையை ஊன்றினார், கையும் போயிற்று. வெள்ளை வேட்டி போன இடம் தெரியவில்லை. ஊர் சிரித்த சிரிப்பில் வாய்க்கால் கரைக் கொக்குகள் எழுந்து பறந்தன. "ஏலே, திருப்பூரு மொதலாளியத் தூக்குங்கலே!" என்று யாரோ கூவினார்கள். இசக்கிச்செல்விதான் முதலில் போய் அவர் கையைப் பிடித்தாள். பிறகு இரண்டு ஆண்கள் வந்து இழுத்து வெளியே போட்டார்கள்.

வழக்கு முடிந்துவிட்டது. எனக்கு ஆனந்தமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வரப்பில் உட்கார்ந்திருந்த பேச்சிமுத்துவின் முகத்தை ஒரு நொடி பார்த்தேன். மூக்கில் சேறு. யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல், ஒட்டிக்கொண்ட புல்லைக் காலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனிதர். இனி இந்த ஊரில் அவர் தலை தெரிகிற போதெல்லாம் யாராவது 'திருப்பூர் முதலாளி' என்பார்கள்.

எழுபத்தைந்தாம் வருஷத்து வரப்பில், மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒரு காலைக் கீழே வைக்கப் போன அப்பாவை அப்போதுதான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். பதினாறு கோட்டைக்காரர். தன் வயலில் எந்த இடம் கெட்டி, எந்த இடம் உளை என்று அவருக்கு என்ன தெரியும்? எதிர் வரப்பில் நாற்பது பேர். அந்த நாற்பது பேரும் நடந்ததைக் கூடவே நின்று பார்த்த ஒருவருக்கு, அப்பாவின் காலுக்கு நேரே என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் நேராக வராமல் வளைந்து வளைந்து ஓடி வந்தார். 'இவ்விதியை என் குடும்ப வயலில் கற்றேன்.' யார் பார்க்க, எந்த ஆழத்தில் கற்றார் என்பதை அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. தான் விழுந்தது போலத் தன் சிநேகிதன் விழக்கூடாது என்று நினைத்திருக்கிறார். நிலத்தை எடுத்துக்கொண்டார். மானத்தை நெஞ்சில் கை வைத்துத் தடுத்துக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்காக நாற்பது வருஷம் எங்கள் வீட்டில் அரிசிப் பானை மேல் கிடந்தார். ஒரு தடவையாவது வந்து, சண்முகம், நடந்தது இதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மானமும் போய்விடும் என்று விட்டிருப்பார்.

அவருடைய விதிகள் ஒன்பதும் என் கையில் இருந்தன. அவர் செய்தது எதிலும் எழுதியிருக்கவில்லை. இசக்கிச்செல்வி நடந்ததுமே எனக்குத் தெரிந்துபோயிற்று. பேச்சிமுத்துவை நான் இறக்கியிருக்க வேண்டியதே இல்லை. பெரிய மனிதர் என்று ஊர் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு, ஜெயிக்கப் போகிற நேரத்தில் தோற்கிறவன் கால் எங்கே படப்போகிறது என்று பார்க்கத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

பேச்சிமுத்துவிடம் போனேன். "நான் உங்களை நடக்க விட்டிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வயலு மைனிக்குத்தாம்மா. எழுதிக்கிடுங்க. ஒரு மனை தருதோம்னாவ, புத்தி கெட்டுப் போச்சு" என்றார்.

கிங்ஸ்டனின் முதுகைத் தாங்கலாக வைத்து அங்கேயே படிவத்தை எழுதினேன். பதிவுக்குரியவர்: இசக்கிச்செல்வி. காரணம் என்ற இடத்தில், வழி அறிந்து நடந்தார் என்று எழுதினேன். மற்றவர் நடந்தது பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. ஆவணத்திலாவது அவர் வரப்பிலேயே நிற்கட்டும். கடைசி வரிக்கு வந்தேன். 'வயலுக்குள் நடந்து விசாரித்தேன்.' கையெழுத்துப் போடும்போது சேற்று விரல் பட்டுக் காகிதத்தில் ஒரு கறை விழுந்தது. துடைக்கவில்லை.

"அடுத்த தடவ மொத நாத்தை நீயே வை. இந்த ஊர் என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்" என்று இசக்கிச்செல்வியிடம் சொன்னேன்.

"பாப்போம்மா" என்றாள், எனக்காகச் சொன்னது போல. அவள் கண் கன்னி மூலையில் சாய்ந்து கிடந்த பயிர் மேல் இருந்தது. "பொழுது சாய்றதுக்குள்ள அதத் தூக்கி வைக்கணும்."

ஜீப் ரோட்டில் நின்றது. வாய்க்கால் இரண்டடி தள்ளித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பயிரைத் தூக்கி வைத்துவிட்டுக் கரையேறும் வரை காத்திருந்து, முழங்கால் வரை அப்பிய தொளியோடு நான் அவள் பின்னாலேயே ஊருக்குள் நடந்து, அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இசக்கிச்செல்வி, கால் கழுவக் கொஞ்சம் தண்ணி குடு" என்றேன்.